‘வாதம்’ என்னும் ஒற்றைச்சொல்லும் மூன்று நோய்நிலைகளும்: தருமபுரி மாவட்டத்தை முன்வைத்து மருத்துவத் தமிழ் குறித்த திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மூட்டுவலி, விறைப்பு, முடக்கம் ஆகியவற்றைத் தமிழில் பொதுவாக ‘வாதம்’ என்னும் சொல் குறிக்கிறது. தருமபுரி மாவட்டச் சூழலில் இச்சொல்லின்கீழ் மூன்று வேறுபட்ட நோய்நிலைகள் அடங்கிவிட இடமுண்டு. அவை குடிநீரில் மிகுந்த ஃபுளோரைடால் எழும் எலும்புநோய், கல்தூசியோடு தொடர்புடைய இறுக்கநோய், உடலின் தற்காப்பு அமைப்பே தன் திசுக்களைத் தாக்கும் தன்னெதிர்ப்பு மூட்டுநோய் என்பன. மூன்றுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் நோயறிதலில் நேரக்கூடிய இடர்ப்பாடுகளையும், கலைச்சொல்லாக்கமும் நாட்டுப்புற மருத்துவ ஆய்வுகளும் இச்சிக்கலை அணுகியுள்ள முறையின் குறைகளையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: வாதம், தன்னெதிர்ப்பு நோய், இறுக்கநோய், ஃபுளோரைடு, கலைச்சொல்லாக்கம், தருமபுரி.

1. முன்னுரை

மருத்துவக் கலைச்சொற்கள் பற்றிய தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் தூய்மை, எளிமை, ஏற்பு ஆகிய அளவுகோல்களையே கையாண்டு வந்துள்ளன. ஒரு சொல் வடமொழியா தமிழா, ஒலிபெயர்ப்பா மொழிபெயர்ப்பா, நாவிற்கு எளிதா கடினமா என்பனவே விவாதப் பொருள்களாயின. நோயாளி ஒருவர் அச்சொல்லைக் கேட்டபின் என்ன செய்கிறார் என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. மருத்துவச் சொல்லின் தரத்தை அது விளைவிக்கும் செயலைக் கொண்டே அளத்தல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் அடிப்படைக் கருத்து.

இக்கருத்தைச் சோதிக்கத் தருமபுரி மாவட்டம் பொருத்தமான களமாகும். சேலம் மாவட்டத்திலிருந்து 1965இல் பிரிக்கப்பட்டு, 2004இல் கிருஷ்ணகிரியைத் தனி மாவட்டமாக விட்டுக்கொடுத்த இப்பகுதி, கடினப்பாறை நிலத்தின்மேல் அமைந்தது. நிலத்தடிநீரில் ஃபுளோரைடு மிகுதி. சுற்றுவட்டாரத்தில் கருங்கல் வெட்டும் தொழில் உண்டு. ஒசூர், பெங்களூரு நோக்கிக் கட்டட வேலைக்குச் செல்வோரும் பலர். கேழ்வரகு விளைவித்தும் சுமை தூக்கியும் கைகால்களை நம்பி வாழும் மக்களிடையே மூட்டுவலி பிழைப்பைப் பறிக்கும் நோயாகும். அந்நோய்க்கு ‘வாதம்’ என்னும் ஒரே பெயர் போதுமா என்பதே இங்கு எழும் வினா.

2. வாதமும் ருமாட்டிசமும்

தமிழ் மருத்துவ மரபு உடலியக்கத்தை வளி, அழல், ஐயம் என்னும் மூன்றின் சமநிலையாகக் காண்கிறது. திருக்குறளின் 95ஆம் அதிகாரமான ‘மருந்து’ இக்கொள்கையை அடியொற்றியே தொடங்குகிறது. வளியின் பிறழ்ச்சியால் வருவது வாதநோய். எனவே ‘வாதம்’ என்பது காரணத்தைச் சுட்டும் கோட்பாட்டுச் சொல்லாகவே தோன்றியது. காலப்போக்கில் கோட்பாடு பின்னகர, அறிகுறியைச் சுட்டும் பொதுச்சொல்லாக அது நிலைத்தது. மூளைக் குருதிக்குழாய் அடைப்பால் வருவது பக்கவாதம். வைரசுத் தொற்றால் வருவது இளம்பிள்ளை வாதம். மூட்டழற்சியால் வருவது முடக்குவாதம். மூன்றிற்கும் பொதுவாக எஞ்சியது அசைவிழப்பு என்னும் அறிகுறி மட்டுமே.

இதனைத் தமிழின் குறைபாடு என்று கொள்வது பிழையாகும். ஆங்கிலத்தின் ‘ருமாட்டிசம்’ என்னும் சொல்லும் ஒழுக்கு எனப் பொருள்படும் கிரேக்க வேரிலிருந்து பிறந்ததே. உடலில் ஒழுகும் தீய நீர்மம் மூட்டுகளில் தேங்குவதால் வலி பிறக்கிறது என்னும் பழைய நம்பிக்கை அதில் உறைந்துள்ளது. 1616இல் மறைந்த பிரெஞ்சு மருத்துவர் கியோம் டி பாயூ எழுதி, 1642இல் அச்சேறிய நூலே அச்சொல்லை மூட்டுநோய்க்கு உரித்தாக்கியது. அதன்பின் அப்பெரும் பெயர் படிப்படியாகப் பிரிக்கப்பட்டது. 1800இல் லாந்த்ரே-போவே, கௌட்டிலிருந்து வேறுபட்ட மூட்டுநோய் ஒன்றை விவரித்தார். 1859இல் ஆல்பிரடு பேரிங் காராடு அதற்கு ‘ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்’ என்று பெயரிட்டார். 1940களில் குருதியில் ருமட்டாய்டு காரணி கண்டறியப்பட்டது. 1990களின் இறுதியில் அதனினும் நுட்பமான எதிர்ப்பொருள் சோதனை வந்தது.

ஒப்பீட்டில் புலனாகும் உண்மை இது: இரு மொழிகளும் ஏறத்தாழ ஒரே இடத்திலிருந்து புறப்பட்டன. ஆய்வுக்கூடம் நோயைப் பிரிக்கப் பிரிக்க ஆங்கிலத்தில் சொல்லும் பிரிந்தது. தமிழர்க்கு வரும் நோயும் அதே முறையில் பிரிக்கப்பட்டது. ஆனால் அப்பிரிவினை ஆங்கிலச் சொற்களிலேயே நிகழ்ந்தது. மருத்துவரின் குறிப்பேட்டில் பத்து நோய்களாக இருப்பது நோயாளியின் வீட்டில் ஒன்றாகவே இருக்கிறது.

3. சித்த மருத்துவ வகைப்பாடும் நேர்நிகர் காணும் முறையும்

சித்த மருத்துவம் வாதத்தை ஒன்றாகக் கண்டது என்பதும் சரியன்று. யூகி வைத்திய சிந்தாமணி வாதநோய்களை 80 என வகுக்கிறது. வலியின் இடம், வீக்கம், காய்ச்சல், நிறமாற்றம் ஆகியவற்றை நுணுகி நோக்கிய மரபு அது. பேச்சுவழக்கு அந்நுட்பத்தைக் கைவிட்டது. ஆய்வுலகமும் அதனை முழுமையாக மீட்டெடுக்கவில்லை.

இங்கு இரண்டு போக்குகளைச் சுட்டலாம். முதலாவது, நேர்நிகர் காணும் போக்கு. சித்த மருத்துவப் பட்டமேற்படிப்பு ஆய்வேடுகளில் ‘உதிரவாத சுரோணிதம்’, ‘வளி அழல் கீல்வாயு’ ஆகியன ருமட்டாய்டு மூட்டழற்சிக்கும், ‘அழல் கீல்வாயு’ என்பது மூட்டுத் தேய்மானத்திற்கும் நிகராக வைக்கப்படுகின்றன. அறிகுறிகளின் ஒற்றுமை இதற்கு அடிப்படை. ஆயின் ஒரு வகைப்பாடு அறிகுறியாலும் மற்றொன்று எதிர்ப்பொருள், திசுமாற்றம் ஆகியவற்றாலும் அமைந்தவை. இரண்டிற்கும் இடையே சமக்குறி இடுவதால், யூகியின் நுட்பமும் மறைகிறது. இன்றைய நோயின் உள்ளுறுப்புப் பாதிப்பும் மறைகிறது.

இரண்டாவது, தொகுப்புப் போக்கு. தமிழ்த்துறைகளில் நிகழும் நாட்டுப்புற மருத்துவ ஆய்வுகள் நோய்ப்பெயர், மூலிகை, பயன்படுத்தும் முறை என மூன்று பத்திகளில் செய்திகளை அடுக்குவது வழக்கம். வாதம் என்னும் வரிசையில் முடக்கற்றான், நொச்சி, வாதநாராயணன் ஆகியன தவறாது இடம்பெறும். தகவலாளி ‘வாதம்’ என்றபோது எந்த மூட்டு, காலையிலா மாலையிலா, எத்தனை நாளாக, எந்த வயதில், என்ன தொழிலில் என்னும் வினாக்கள் கேட்கப்பட்ட சுவடு அத்தகைய பட்டியல்களில் அரிதாகவே தென்படுகிறது. சொல்லைச் சேகரித்து அதன் பொருளைச் சேகரிக்காமல் விடுவது மொழியாய்விற்கே பொருந்தாத முறை. பேச்சுமொழியிலுள்ள ‘குடைச்சல்’, ‘கடுப்பு’, ‘பிடிப்பு’, ‘விறைப்பு’, ‘மரத்துப்போதல்’ ஆகியன ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. ஒவ்வொன்றும் வேறுபட்ட உடலனுபவத்தைச் சுட்டுகிறது. அவ்வேறுபாடே நோயறிதலுக்கான முதல் தடயம்.

4. நீரால் வரும் ‘வாதம்’

1937இல் சார்ட், மெக்ராபர்ட் முதலியோர் சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் ஒரு நோயை விவரித்தனர். கழுத்தும் முதுகும் விறைத்து, மூட்டுகள் மடங்காது, வளைந்து நடக்கும் நிலை அது. குடிநீரிலுள்ள ஃபுளோரைடே அதன் காரணமென நிறுவப்பட்டது. கருங்கல், நைஸ் முதலிய பாறைகளிலுள்ள கனிமங்களினின்று கரைந்து நீரில் சேரும் ஃபுளோரைடு, பற்களில் காவிநிறக் கறையையும், ஆண்டுக்கணக்கில் எலும்பில் படிந்து அடர்த்தியையும் உண்டாக்குகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் உச்சவரம்பு. இந்தியத் தர நிர்ணயம் 1 மில்லிகிராமையே விரும்பத்தக்க அளவாகக் கொள்கிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடிநீர்ச் சிக்கலைத் தீர்க்க, ஜப்பானிய நிதியுதவியோடு காவிரிநீரைக் கொணரும் திட்டத்திற்கு 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டது. கர்நாடகத்தின் எதிர்ப்பைக் கடந்து, ஏறத்தாழ 1,928 கோடி ரூபாய்த் திருத்திய மதிப்பீட்டில் அது 2013இல் செயற்பாட்டிற்கு வந்தது. அதன் முழுப்பெயர் குடிநீர் வழங்கலையும் ஃபுளோரைடு பாதிப்புத் தணிப்பையும் ஒருசேரக் குறிப்பது. வழக்கில் நிலைத்ததோ ‘ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம்’ என்பது மட்டுமே. பெயரின் பிற்பாதி உதிர்ந்தபோது நோயின் பெயரும் உதிர்ந்தது. திட்டத்தின் நீரை வெறும் ‘நல்ல தண்ணீர்’ என்று அறிபவர், அது வராத நாளில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிப்பதில் தடையேதும் உணரமாட்டார். தம் கழுத்து விறைப்பிற்கும் அந்நீருக்கும் உள்ள தொடர்பை ‘வாதம்’ என்னும் சொல் அவருக்குச் சொல்வதில்லை. காரணத்தை அது உடலுக்குள்ளேயே தேடவைக்கிறது.

ஃபுளோரைடு எலும்புநோயின் முதுகு விறைப்பு, முதுகெலும்பைத் தாக்கும் அழற்சி வகை மூட்டுநோயை ஒத்திருக்கும். முழங்கை எலும்புகளுக்கு இடையிலுள்ள சவ்வு சுண்ணமாதல், எலும்பின் அடர்த்தி மிகுதல் ஆகியவற்றை ஊடுகதிர்ப் படம் காட்டிக்கொடுக்கும். அதற்கும் முன்னதாக, தாடையை மார்பில் தொடுதல், குனிந்து கால்விரலைத் தொடுதல், கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்தல் என்னும் மூன்று எளிய அசைவுகளால் ஐயத்தை எழுப்பலாம். இவற்றைச் செய்யச்சொல்லத் தேவைப்படுவது கருவியன்று, தெளிவான தமிழே.

5. தூசும் இறுக்கமும்

‘ஸ்கிளிரோடெர்மா’ என்பது கடினம், தோல் எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு. 1753இல் நேப்பிள்சு நகர மருத்துவர் கார்லோ குர்சியோ, உடல்தோல் கட்டைபோல் இறுகிய இளம்பெண் ஒருவரை விவரித்தது இந்நோயின் தொடக்கக்கால ஆவணமாகக் கருதப்படுகிறது. குளிரில் விரல்கள் வெளுத்து நீலமாகும் நிலையை 1862இல் மொரீசு ரேனோ தம் ஆய்வேட்டில் விளக்கினார். தோலோடு நில்லாமல் நுரையீரல், உணவுக்குழாய், இதயம், சிறுநீரகம் ஆகியவற்றையும் தழுவுவது இந்நோய் என்பதை வலியுறுத்தி, 1945இல் ராபர்ட் கெட்சு ‘சிஸ்டமிக் ஸ்கிளிரோசிஸ்’ என்னும் கருத்தை முன்வைத்தார். இக்கட்டுரை இதனை ‘உடல்தழுவிய இறுக்கநோய்’ என்று குறிக்கிறது.

இந்நோயின் தோற்றத்தில் மரபணு, பால், சூழல் ஆகியன இணைந்து இயங்குகின்றன. சூழற்காரணிகளுள் நன்கு அறியப்பட்டது சிலிக்காத் தூசு. 1914இல் எடின்பரோவில் பைரம் பிராம்வெல், கல்தச்சர்களிடம் இந்நோயைக் கண்டார். 1957இல் எராசுமசு, தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளரிடம் இதே தொடர்பை எடுத்துரைத்தார். தூசோடு இணைந்த இந்நோய்நிலை அவர் பெயராலேயே வழங்குகிறது. 1953இல் கேப்ளன், வேல்சு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் ருமட்டாய்டு மூட்டழற்சியும் நுரையீரல் முடிச்சுகளும் இணைந்திருத்தலைக் கண்டார். கருங்கல்லின் முதன்மைக் கனிமங்களுள் ஒன்று சிலிக்காவாலான குவார்ட்சு. கல்லுடைத்தல், துளையிடல், மெருகிடல் ஆகியவற்றில் எழும் தூசு நுரையீரலில் தங்குகிறது. சிலிக்கோசிஸ் நோய் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் அறிவிக்கப்பட வேண்டியவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது. ஆனால் அதே தொழிலாளி விரல் விறைப்போடு வரும்போது அதனை ‘வாதம்’ என்றே சொல்வார். அவரது தொழில் என்ன என்று கேட்கவேண்டிய தேவையை அச்சொல் உணர்த்தாது. தூசும் விரலும் ஒரே வரலாற்றின் இரு பகுதிகள் என்பது இவ்வாறு விடுபடுகிறது.

6. பெயர் பிழைத்தால் மருந்தும் பிழைக்கும்

சொல்லின் பொதுமை உயிருக்கே ஊறு செய்யக்கூடிய இடம் இதுவாகும். 1948இல் பிலிப் ஹெஞ்ச், கார்ட்டிசோன் ருமட்டாய்டு மூட்டழற்சியில் விரைந்து பயனளிப்பதைக் காட்டினார். 1950இல் நோபல் பரிசும் பெற்றார். அன்றுமுதல் மூட்டுவலிக்கு ஸ்டீராய்டு என்பது எங்கும் பரவிய பழக்கமாயிற்று. ஆயின் உடல்தழுவிய இறுக்கநோயில், குறிப்பாகத் தோலிறுக்கம் விரைந்து பரவும் நிலையில், நாளொன்றுக்கு 15 மில்லிகிராமோ அதற்கு மேலோ பிரெட்னிசோலோன் தருவது சிறுநீரக நெருக்கடியைத் தூண்டும் இடருடையது. திடீரென இரத்த அழுத்தம் உயர்ந்து சிறுநீரகம் செயலிழக்கும் அந்நிலை ஒருகாலத்தில் மரணமாகவே முடிந்தது. 1970களின் இறுதியில் கேப்டோப்ரில் வகை மருந்துகள் வந்த பின்னரே அது மாறியது. ஒருவருக்கு மருந்தாவது மற்றவருக்கு ஆபத்தாகும் இச்சூழலில், இருவரின் நோய்க்கும் ஒரே பெயரிருப்பது மொழியின் சிக்கல் மட்டுமன்று. அண்டைவீட்டாருக்குப் பலித்த ‘வாத மாத்திரை’யை வாங்கி உண்பவர், மருந்தைக் கடன்வாங்குவது பெயரின் வழியாகவே.

ருமட்டாய்டு மூட்டழற்சியின் அடிப்படை மருந்தான மெத்தோட்ரெக்சேட்டும் இங்கு நினைக்கத்தக்கது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகத சுப்பாராவ், அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் வழிநடத்திய குழுவின் பணியில் உருவான மருந்து அது. மூட்டுநோய்க்கு வாரத்தில் ஒருநாள் மட்டுமே உண்ணவேண்டியது. நாள்தோறும் உண்டால் எலும்பு மச்சையைச் சிதைத்து உயிரைப் பறிக்கும். ‘வாரம் ஒன்று’ என்னும் குறிப்பில் ஒன்று என்பது மாத்திரையின் எண்ணிக்கையா, நாளின் எண்ணிக்கையா என்னும் மயக்கம் எழ இடமுண்டு. ‘ஞாயிற்றுக்கிழமை மட்டும்’ என்பதுபோலக் கிழமையின் பெயரை எழுதுவதே ஐயமற்ற தொடர். இவ்விடத்தில் தொடரியல் அறிவும் மருத்துவ அறிவும் ஒன்றாகின்றன.

7. ‘எதிர்ப்புச் சக்தி’ என்னும் சொல்லாடல்

உடலின் தற்காப்பு அமைப்பு தன் திசுக்களையே தாக்கக்கூடும் என்பதை அறிவியல் எளிதில் ஏற்கவில்லை. பால் ஏர்லிக் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உடல் தன்னைத்தான் நஞ்சூட்டிக்கொள்ள அஞ்சும் என்னும் கருத்தை முன்வைத்தார். 1948இல் ஹார்கிரேவ்சு குழுவினர் லூப்பசு நோயாளரிடம் கண்ட செல்மாற்றமும், 1956இல் நோயல் ரோசு, எர்னசுட் விட்டெப்சுகி ஆகியோரின் தைராய்டு ஆய்வும் அந்நிலைப்பாட்டை மாற்றின. அக்கருத்தைத் தமிழில் ‘தன்னெதிர்ப்பு நோய்’, ‘தன்னுடல் தாக்குநோய்’ முதலிய சொற்கள் தாங்குகின்றன.

இச்சொற்கள் மக்களைச் சென்றடைவதற்கு முன்பே ‘நோய் எதிர்ப்புச் சக்தி’ என்னும் தொடர் வேரூன்றிவிட்டது. பெருந்தொற்றுக் காலத்திற்குப் பின் அது விளம்பர மொழியின் மையச் சொல்லாயிற்று. அதிகமானால் நல்லது, குறைந்தால் கெட்டது என்பதே அத்தொடரின் உட்பொருள். அதியமான் ஒளவைக்கு ஈந்த நெல்லிக்கனியின் நிலமான தகடூரிலும், நெல்லிக்காய் இன்று ‘சக்தி கூட்டும்’ பொருளாகவே விற்பனைச் சொல்லாடலில் வலம்வருகிறது. நெல்லிக்காயை உண்பதில் தீங்கில்லை. ‘எனக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை, அதனால் இந்நோய் வந்தது’ என்று தன்னெதிர்ப்பு நோயாளி முடிவு செய்வதில்தான் தீங்கு உள்ளது. அவ்வாறு எண்ணுபவர், எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்தை மருத்துவர் தரும்போது அதனை ஐயுற்று நிறுத்திவிடுதல் இயல்பு. அவரது தர்க்கத்தில் பிழையில்லை. அவருக்கு வழங்கப்பட்ட சொல்லில் பிழையிருக்கிறது.

‘தாக்குதல்’, ‘எதிரி’ ஆகிய போர் உருவகங்களும் மறுசிந்தனைக்கு உரியவை. நோயை உருவகமாக்குவதன் தீங்கை சூசன் சொண்டாக் 1978இல் எழுதிய நூலில் விவாதித்தார். தன்னெதிர்ப்பு நோயில் போர் உருவகம், நோயாளியின் உடலையே குற்றவாளியாக்குகிறது. பெண்களிடம் மிகுதியாகக் காணப்படும் இந்நோய்களில், உடலின்மீது ஏற்கெனவே சுமத்தப்பட்டுள்ள பழியோடு இதுவும் சேர்ந்துவிடுகிறது. ‘அடையாளம் மாறிய தற்காப்பு’ என்பதுபோன்ற விளக்கத்தொடர், உண்மைக்கு நெருக்கமாகவும் குற்றச்சாட்டின் தொனியின்றியும் அமையும்.

8. வினாநிரலின் மொழி

மூட்டுநோய்களை மக்களிடையே சென்று கண்டறியும் ‘காப்கார்ட்’ என்னும் ஆய்வுமுறையை உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டு மூட்டுநோய்க் கூட்டமைப்பும் 1981இல் தொடங்கின. இந்தியாவில் அரவிந்த் சோப்ரா 1996இல் புணே மாவட்டத்தின் பிக்வான் சிற்றூரில் இதனை மேற்கொண்டார். வீடுவீடாகச் சென்று, மக்கள் மொழியில் வலியைப் பற்றி வினவுவதே இதன் முதற்படி. ஆகவே வினாவின் மொழிநடை இங்கு அளவுகோலின் பகுதியாகிறது.

நோயாளியின் இயலாமையை அளக்கும் அமெரிக்க வினாநிரலொன்றை வட இந்திய மருத்துவ ஆய்வாளர்கள் இந்தியச் சூழலுக்கேற்பத் தழுவியமைத்தனர். சம்மணமிட்டு அமர்தல், குந்தியிருத்தல் போன்றன அதில் இடம்பெற்றன. பண்பாட்டுத் தழுவலுக்கு இது நல்ல சான்று. தருமபுரிக்கு இதுவும் போதாது. களி கிண்டுதல், களியை உருட்டி உண்ணுதல், குடத்தை இடுப்பில் ஏற்றுதல், களைக்கொத்தைப் பற்றுதல் ஆகியனவே இங்குக் கையின் ஆற்றலைச் சொல்லும் செயல்கள். ‘பிடிமானம் குறைந்துள்ளதா?’ என்பதைவிடக் ‘களி கிண்ட முடிகிறதா?’ என்னும் வினா துல்லியமான விடையைப் பெறும். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வழங்கும் இம்மாவட்டத்தில், மலைவாழ் மக்களின் கிளைவழக்குகளையும் சேர்த்தே இவ்வினாக்கள் அமைக்கப்பட வேண்டும்.

உடல்தழுவிய இறுக்கநோய்க்கான 2013ஆம் ஆண்டின் அமெரிக்க-ஐரோப்பிய வகைப்பாட்டு நெறிமுறை, அறிகுறிகளுக்கு மதிப்பெண் வழங்குகிறது. 9 பெற்றால் நோய் எனக் கொள்ளலாம். இரு கைகளின் விரல்களிலும் தோலிறுக்கம் அடிமூட்டைக் கடந்து பரவியிருப்பின் அதற்கே 9 மதிப்பெண். விரல்நுனித் தழும்புக்கு 3, குளிரில் விரல் நிறமாறுதலுக்கு 3. இவற்றுட் பல, கண்ணாலும் சொல்லாலும் அறியக்கூடியவை. எனினும் கருநிறத் தோலில் வெளுப்பும் நீலமும் எளிதில் புலப்படா. ‘நிறம் மாறுகிறதா?’ என்பதற்கு ‘இல்லை’ என்பவர், ‘காலையில் தண்ணீரில் கைவைத்தால் விரல் விறைத்து மரத்துப்போகிறதா?’ என்பதற்கு ‘ஆம்’ எனலாம். தோலில் உப்பும் மிளகும் தூவியதுபோன்ற நிறமாற்றம் இந்திய நோயாளரிடம் மிகுதி. அது வெண்புள்ளியாகவோ, விரல் மடங்கலோடு சேரும்போது தொழுநோயாகவோ ஐயுறப்படும். அந்த ஐயத்தின் சமூக விலையைச் செலுத்துபவர் நோயாளியே.

9. கலைச்சொல்லாக்கம்: சில மதிப்பீடுகள்

மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்க இயலும் என்பதை 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மெய்ப்பித்தார். ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’ முதலிய நூல்கள் அம்முயற்சியின் விளைவுகள். பின்னர் மணவை முஸ்தபா போன்றோர் மருத்துவக் கலைச்சொற்களை அகராதிகளாகத் தொகுத்தனர். இம்முயற்சிகளின் பெருமையை ஏற்றுக்கொண்டே, இன்றைய வழக்கின் குறைகளைச் சுட்டலாம்.

இணைய மொழிபெயர்ப்புகளில் ‘சிஸ்டமிக்’ என்பதற்கு ‘முறையான’ என்னும் சொல் வழங்குகிறது. ‘முறையான இறுக்கநோய்’ எனில் ஒழுங்காக வந்த நோய் என்றே தமிழர்க்குப் பொருள்படும். ‘தோல் தடிப்பு நோய்’ என்பது பொருள் தெளிவுடையது. ஆனால் நோயைத் தோலோடு நிறுத்திவிடுகிறது. இந்நோயில் இறப்பிற்கு முதன்மைக் காரணங்கள் நுரையீரல் திசு இறுக்கமும் நுரையீரல் தமனி அழுத்தமும் ஆகும். ‘தோல்’ என்னும் சொல்லைக் கேட்டவர் மூச்சிரைப்பை அதனோடு தொடர்புபடுத்தமாட்டார். ‘உடல்தழுவிய இறுக்கநோய்’ என்பது இவ்விரு குறைகளையும் தவிர்க்கிறது. தோலளவில் நிற்கும் வகையைத் ‘தோலிறுக்கம்’ என்றே வேறுபடுத்தலாம்.

‘வாதம்’ என்னும் சொல்லை நீக்கவேண்டும் என்பது இதன் பொருளன்று. மக்கள் நாவிலுள்ள சொல்லை ஆணையால் அகற்ற இயலாது. அதற்கு அடைமொழி சேர்ப்பதே நடைமுறைக்கு உகந்தது. ‘நீர்வாதம்’, ‘தூசுவாதம்’ என்பனபோலக் காரணத்தை முன்னொட்டாக்கும் சொற்கள் மருத்துவத் துல்லியம் உடையன அல்ல என்னும் மறுப்பு எழலாம். துல்லியம் மருத்துவக் குறிப்பேட்டிற்கு உரியது. மக்கள் சொல்லின் பணி, அடுத்த வினாவை எழுப்புதல். ‘நீர்வாதமா?’ என்று ஐயுறுபவர் தண்ணீரைச் சோதிப்பார். ‘குஷ்டம்’ ‘தொழுநோய்’ ஆனதும், ‘வெண்குட்டம்’ ‘வெண்புள்ளி’ ஆனதும், ‘இளம்பிள்ளை வாதம்’ சொட்டுமருந்து முகாம்களின் வழியாகப் ‘போலியோ’ ஆனதும் தமிழ்ச் சமூகம் நோய்ப்பெயரை மாற்றிக்கொள்ளும் ஆற்றலுடையது என்பதற்குச் சான்றுகள். போலியோவின் சான்று கூடுதல் கவனத்திற்குரியது: அங்குப் பழகிய சொல்லை வென்றது வேற்றுமொழிச் சொல் மட்டுமன்று, அச்சொல்லோடு வந்த செயல்.

10. முடிவுரை

மேற்கண்ட ஆய்வினின்று பெறப்படுவன: ‘வாதம்’ என்னும் சொல் தருமபுரியின் நீரையும் தூசையும் உடலின் தற்காப்புப் பிறழ்ச்சியையும் ஒருங்கே மறைக்கிறது. அம்மறைப்பு மரபின் குற்றமன்று. பிரிவினை ஆங்கிலத்தில் நிகழ்ந்து தமிழில் நிகழாததன் விளைவு. சித்த மருத்துவச் சொற்களுக்குச் சமக்குறி இடுதலும், நாட்டுப்புற மருத்துவச் சொற்களைப் பட்டியலிடுதலும் இவ்விடைவெளியை நிரப்பா.

தமிழாய்வு செய்யக்கூடிய பணி தெளிவானது. ‘வாதம்’ என்று கூறும் தகவலாளியிடம் மூட்டு, நேரம், தொழில், குடிநீர் ஆகிய நான்கையும் வினவிப் பதிவுசெய்யும் சொற்கள ஆய்வு முதற்படியாகும். 2021 ஆகஸ்டு 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள், இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவிற்கும் மருந்து வழங்க வீடுகளுக்கே செல்கின்றனர். அவர்கள் கையில் தரக்கூடிய ஐந்தாறு தமிழ் வினாக்களைத் தமிழ்த்துறையும், 2008 முதல் இயங்கும் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி போன்ற நிறுவனங்களும் இணைந்து உருவாக்குதல் இரண்டாம் படியாகும். அவ்வினாக்களுள் ஒன்று, கல்லுடைப்பவரின் விறைத்த விரலையோ களி கிண்ட இயலாத பெண்ணின் கையையோ உரிய காலத்தில் உரிய மருத்துவரிடம் சேர்க்குமாயின், கலைச்சொல்லாக்கம் தன் பயனை எய்தியதாகும்.